ஐந்து மணி வண்டிக்குக் குறுக்கே ஒரு பூனை

சாமி,

உன் இன்லாண்ட் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மண்டபம், சமையல்காரர், பத்திரிகைக்கு நீ தேர்ந்தெடுத்த மஞ்சள் நிறம் எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். கடைசியில், பசை தடவி மடிக்கிற ஓரத்தில், பொடி எழுத்தில் நாலு வரி. தாலி கட்டும்போது ஒரு அரை மணி நேரம் மட்டும் நான் உள் அறையில் இருந்தால் நல்லது என்று பெண் வீட்டில் அபிப்பிராயப்படுகிறார்களாம். எதிர்வீட்டு மாமாவும் அதையே சொன்னாராம். "தப்பாக நினைக்காதீங்கம்மா" என்று முடித்திருக்கிறாய். பெரிய விஷயத்தைப் பொடி எழுத்தில் எழுதுகிற வழக்கம் உன் அப்பாவுக்கு இருந்ததில்லை. எனக்கும் இல்லை. எங்கே கற்றுக்கொண்டாயோ தெரியவில்லை.

தப்பாகத்தான் நினைத்தேன். கோபம் ஆறின பிறகு பதில் எழுதலாம் என்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். பண்ணைக்குப் போய் முட்டை பொறுக்கினேன், வந்தேன், சமைத்தேன், தின்றேன். ஆறவில்லை. சரி, ஆறாத கோபத்தோடேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி. கல்யாண வேலை எங்கேயும் ஓடிப் போய்விடாது.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். நம் வீட்டுக்கு ஒரு பூனை வந்ததே, நீ கிளீனர் என்று பேர் வைத்தாயே, அதைப் பற்றி உன் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். "எங்கம்மாவுக்கு வாயில்லா ஜீவன்னா உசுரு. அடிபட்ட பூனையை எடுத்து வளர்த்தாங்க." கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கீரை ஆய்வேன். அந்தப் பூனையை நான் இரக்கப்பட்டு எடுக்கவில்லை. பழிவாங்க எடுத்தேன். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிய வேண்டிய வயது வந்துவிட்டது.

உன் அப்பா கடைசியாகக் கிளம்பிய நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. ஒன்பது வயது உனக்கு. எதிர்வீட்டு ஓனரிடம் அப்போது இரண்டே லாரிதான். அதில் ஒன்று உன் அப்பாவின் கையில். லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓனர் வாசலிலிருந்துதான் கிளம்பும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் கற்பூரம், எல்லாம் ஆன பிறகுதான் அப்பா ஏறுவார். அன்றைக்கு அவர் துண்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் நம் வாசலில் நின்று, "ஏனுங்க, துண்டு!" என்று கூப்பிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். திரும்பி வந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இதில்லாமப் போயிருந்தா பெங்களூர்க் குளிருக்கு வெறச்சுப் போயிருப்பேன்" என்று சிரித்தார்.

ஓனர் சிரிக்கவில்லை. "பொறப்படறவனப் பொறத்தால இருந்து கூப்புட்டாச்சு. எறங்குடா. ஒரு மணி நேரம் களிச்சுப் போய்க்கலாம்" என்றார். அப்பா இறங்கி அவர் வீட்டுச் சுவரோரம் குந்திக்கொண்டார். மறுபடியும் பழம் வைத்து, மறுபடியும் கற்பூரம் கொளுத்தி, கிளம்பும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. அப்போது ஓனர் சொன்னதும் என் காதில் விழுந்தது. "லேட்டாயிப் போச்சுன்னு சாக்குச் சொல்லாத. பன்னெண்டு மணிக்குள்ள குடோன்ல வண்டி நிக்கோணும்." அப்பா கையைத் தூக்கி ஆட்டினார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு வளைவில், முன்னால் போன வண்டியை முந்தப் போய், எதிரே வந்ததில் மோதிவிட்டார் என்று மறுநாள் காலையில் வந்து சொன்னார்கள்.

காரியம் முடிவதற்குள் ஓனரின் பேச்சு தெருவைச் சுற்றிவிட்டது. "பொண்டாட்டிக்காரி பொறத்தால கூப்புட்டா. அப்பவே எனக்கு மனசு சரியில்ல." துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நானே நம்பினேன் சாமி. இரண்டு வருஷம் நம்பினேன். ஒரு துண்டுக்காக வாயைத் திறந்து புருஷனைக் கொன்றவள் என்று என்னையே நான் நினைத்துக்கொண்டு உனக்குச் சோறு போட்டேன். அதற்கு மேல் ஓனரின் சம்சாரம் ஒரு நாள் வந்து, "அம்மிணி, தப்பா நெனைக்காத. அஞ்சு மணிக்கு வண்டி பொறப்படறப்ப மட்டும் சித்த உள்ளார இருந்துக்க. உன்ற மொகத்துல முளிச்சுட்டுப் போக டைவருங்க பயப்படறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் ஐந்து மணிக்கு நம் வீட்டுக் கதவைச் சாத்துவேனே, கொசு வருகிறது என்பேனே, அது கொசு இல்லை.

இப்போது பூனைக்கு வருகிறேன். அதற்குள் ஓனரின் இரண்டு லாரி ஆறாகியிருந்தது, தினமும் ஒன்று கிளம்பும். எங்கேயோ ஆந்திராப் பக்கமிருந்து மிளகாய் ஏற்றி வந்த லாரி ஒன்று அவர் வாசலில் நின்றது. தார்ப்பாயைப் பிரித்தால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு பூனை குதித்தது. லாரியில் பூனை ஏறி வந்தால் அந்த வண்டி உருப்படாது என்பது அவர்கள் கணக்கு. ஜாக்கி ராடை எடுத்து ஒருவன் வீசினான். பின்னங்காலில் பட்டது. அது நொண்டிக்கொண்டு தெருவின் குறுக்கே ஓடியது. அதே நேரத்தில் அவருடைய இன்னொரு லாரி கிளம்பி நாலு அடி நகர்ந்திருந்தது. பூனை அதன் மூக்குக்கு முன்னால் போனது. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனரின் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்துடா வண்டிய! அடிச்சுக் கொல்லுங்கடா அத!" என்று கத்தினார். அவ்வளவு பெரிய மனுஷன், மீசையும் மைனர் செயினும், ஒரு நொண்டிப் பூனைக்கு அப்படி நடுங்கியதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. கொழுந்து விட்டு எரிந்துகொண்டிருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். பூனை உள்ளே வந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

இதை வைத்துத்தான் அவரைத் தினமும் நடுங்க வைக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்தச் சனியன் ஒத்துழைக்க வேண்டுமே! கட்டிலுக்கு அடியில் போய், உன் அப்பா லாரியில் வெளியூருக்குக் கொண்டுபோகும், அவருக்குப் பிறகு வண்டியிலிருந்து எடுத்துத் தந்த இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. பால் வைத்தேன், தொடவில்லை. கருவாடு வைத்தேன், தொடவில்லை. தெருவில் ஒரு ஹாரன் அடித்தால் சுவருக்குள் புகுந்துவிடப் பார்த்தது. நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையை விட்டுப் பிடரியைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் மூன்று கோடு போட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, பண்ணையில் கோழி கீறியது என்று உன்னிடம் சொன்னேன். இழுத்ததற்குத் தண்டனையாக அது அடுத்த மூன்று நாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன். பூனைக்காகப் பயப்படவில்லை, என் பழி வீணாகிவிடுமே என்றுதான்.

அப்புறம்தான் வழிக்கு வந்தேன். அதைப் பார்ப்பதை நிறுத்தினேன். கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். உரக்கப் பேசாமல், ஒரே குரலில், வாய்க்கு வந்ததைப் பேசினேன். பெரும்பாலும் ஓனரைத் திட்டினேன். அவருடைய ஏழு தலைமுறையும் அந்தப் பூனைக்கு அத்துப்படி. உன்னிடமும் சொன்னேன், அது தானாக வரும்வரை குனிந்து பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று. நீ பாவம், சாக்கை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினாய். பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளை எங்களை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதில் ஒன்றை ஒரு கொட்டாங்குச்சியில் உடைத்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் நக்கித் துடைத்திருக்கும். ஆனாலும் வெளியே வரவில்லை.

ஒரு நாள், வேறு வழி தெரியாமல், அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உன் அப்பா போன பிறகு நான் அதைத் தொட்டதில்லை. மேலாகவே அவருடைய காக்கிச் சட்டை இருந்தது. டீசலும் வேர்வையும் கலந்த அந்த வாசனை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டேன். லாரியில் பல நூறு மைல் வந்த பூனை அல்லவா, டீசல் வாசனை அதற்குப் பழகியதோ என்னவோ, அன்றைக்குச் சாயங்காலமே வந்து அந்தச் சட்டையின்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, கிளீனரு அப்பா சட்டைல தூங்குதும்மா" என்று ரகசியமாகச் சொன்னாய். பேர் அப்போது வைத்ததுதான். அது பொட்டை என்று குட்டி போட்ட பிறகுதானே நமக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வேலையை ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் எஞ்சின் உறுமினால்தான் முட்டை. முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில். தினமும் ஒரு ஜாண் வாசல் பக்கம் நகர்த்தினேன். இரண்டு ஜாணாக நகர்த்தின அன்றைக்கு ஓடிப் போய்விடும், மறுபடி பழைய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வாசற்படிக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. ஹாரனைக் கேட்டு நடுங்கிய பூனை, ஹாரனைக் கேட்டு வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு கொட்டாங்குச்சியைத் தெருவுக்கு அந்தப் பக்கம், ஓனர் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயடியில், நாலரை மணிக்கே ரகசியமாக வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்து மணி. கற்பூரம் எரிந்தது. எஞ்சின் உறுமியது. கதவை ஒரு பூனை அளவுக்குத் திறந்தேன். கிளீனர் நொண்டி நொண்டி, அவசரமே இல்லாமல், வண்டிக்குக் குறுக்கே நடந்து போனது.

அந்த மாதம் முழுக்க நான் பட்ட சந்தோஷத்தை எழுதினால் நீ என்னைப் பேய் என்பாய். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, இறங்கி உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது அவர் சட்டம். சில நாள் அரை மணி, சில நாள் ஒரு மணி. சம்சாரம் சொம்போடு ஓடி வருவாள். அவர் வேர்த்து வழிந்துகொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். நான் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சிரிப்பேன். உனக்குத் தெரியாமல் ஒரு நாள் பாயசம்கூட வைத்தேன், எதற்கென்று கேட்டாய், சும்மா என்றேன்.

பாயசம் வைத்த அடுத்த வாரம், பண்ணையிலிருந்து வரும் வழியில், உன் அப்பாவின் இடத்துக்கு வந்த புது டிரைவர் என்னை நிறுத்தினான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பையன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, அந்தக் கொட்டாங்குச்சிய நீங்க வெக்கறத நான் பாத்துப்போட்டேனுங்க. ஓனர் கிட்டச் சொல்லுல. அவரு உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ளார போயிருவாருங்க. உட்டுப்போன ஒரு மணி நேரத்த நானல்லங்க ரோட்டுல புடிக்கோணும்? போன லோடுல ஒரு வளைவுல நூலிழைல தப்புனேனுங்க."

அவன் போய்விட்டான். ஒரு மணி நேரத்தை ரோட்டில் பிடிப்பது. உன் அப்பா செய்ததும் அதுதானே? அவரைக் கொன்றது என் குரல் இல்லை. துண்டு இல்லை. உட்கார வைத்தாரே அந்த ஒரு மணி நேரமும், பன்னிரண்டுக்குள் போய்ச் சேர் என்ற மிரட்டலும்தான் கொன்றன. இரண்டு வருஷம் அந்தப் பழியை என் தலையில் ஏற்றிவிட்டு அவர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். அதைவிடக் கேவலம், நானும் அதே ஒரு மணி நேரத்தைத் திருடி இன்னொருத்தியின் புருஷன் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். ஓனரை நடுங்க வைக்கிறேன் என்று நினைத்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். நான் செய்த தப்பு இதுதான் சாமி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பூனையை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தினேன். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஐந்து மணிக்குக் கதவை முழுக்கத் திறந்து, கிளீனரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வெள்ளைச் சேலையோடு நடுத்தெருவில் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். ஓனர் கற்பூரத் தட்டோடு ஓரடி பின்வாங்கினார். நான்தான் பேசினேன். "எம் புருசன என்ற கொரலு கொல்லுலீங்க. நீங்க உக்கார வெச்ச ஒரு மணி நேரம் கொன்னுது. அஞ்சு மணிக்கே உட்டிருந்தீங்கன்னா அந்த மனுசன் ஆரையும் முந்தியிருக்க வேண்டியதில்ல. இன்னிக்கு நானும் நிக்கறேன், பூனையும் நிக்குது. இந்த வண்டி இப்பவே போகோணும். போயிட்டு முளுசா வருதா இல்லியான்னு ஊரே பாக்கட்டும்."

"பொம்பளைக்கு வாயப் பாரு! எறங்குடா கீள!" என்றார் ஓனர். அந்தப் பையன் இறங்கவில்லை. ஒரு தடவை ஹாரன் அடித்தான். கிளீனர் இடுப்பில் அசையாமல் இருந்தது. நான் ஒதுங்கினேன். வண்டி போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பியும் வந்தது. அதற்கப்புறம் தினமும் ஐந்து மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குடம் நிறைந்த பிறகும் நின்றேன். எல்லா வண்டியும் என் முகத்தில் விழித்துவிட்டுப் போய், எல்லா வண்டியும் திரும்பி வந்தது. இரண்டே மாதத்தில் ஓனர் தன் லாரிகளைச் சேலம் ரோட்டில் ஒரு ஷெட்டுக்கு மாற்றிக்கொண்டார். இடவசதிக்காக என்று ஊரில் சொன்னார். விரட்டியது நான். இன்றுவரை அதில் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். எனக்கு முழங்கால்தான் இளகியிருக்கிறது.

இந்த மனுஷரைத்தான் நீ மாமா என்று எழுதியிருக்கிறாய். பெண் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தேதான் சம்மதித்தேன். பெண்ணோடு எனக்கு என்ன வழக்கு? பார்க்கப் போன அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கையில என்னங்கத்தை தளும்பு?" என்று கேட்டாளே, அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. உனக்கு ஒன்று சொல்கிறேன். அவள் புது வீட்டுக்கு வந்து முதல் மாதம் மூலையில் ஒடுங்கினால், பிடரியைப் பிடித்து இழுக்காதே. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டும் நிற்காதே. பக்கத்தில் உன் வேலையைப் பார். ஒரு ஜாண், ஒரு ஜாணாகத்தான். அதைவிட முக்கியமாக, அவளை யாராவது சித்த உள்ளார இரு என்று சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், நீ கதவைத் திற.

அரை மணி நேரம்தானே என்று எழுதியிருக்கிறாய். அந்த அரை மணியும் ஒரு மணியும் எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்கு இப்போது தெரியும். நான் உள் அறையில் இருக்க மாட்டேன். இரண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன், ஒரு பூனையை வெளியே கொண்டுவரப் போய் நானும் வெளியே வந்துவிட்டேன். திரும்பப் போகிற உத்தேசமில்லை.

மேளம் கொட்டும்போது மண்டப வாசலிலிருந்து நடுவாகவே நடந்து வருவேன். அந்தப் பெட்டியிலிருந்து உன் அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்து மடித்துக் கையில் வைத்திருப்பேன். கிளீனரின் பேத்தி இரண்டு நாளாக அதன்மேல்தான் தூங்குகிறது, ரோமம் ஒட்டியிருக்கும், பார்த்துக்கொள். முன் வரிசையில் உன் மாமா உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சரியாகக் குறுக்கே, மெதுவாக நடந்து, மணவறையில் உனக்குப் பக்கத்தில் வந்து நிற்பேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கச் சொல். குடித்துவிட்டு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும். நீ நிற்காதே, நேரத்துக்குத் தாலியைக் கட்டு.

உன் அம்மா